பிறத்தலும் நாஷெரேயும்: ஓர் இத்தாலிய வினைச்சொல் பற்றிய ஒப்பாய்வு

1. முன்னுரை

அயன்மொழி ஒன்றைக் கற்கப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் வினைச்சொற்கள் சில. இருத்தல், செல்லுதல், உண்ணுதல், பிறத்தல் என்பன அவற்றுள் அடங்கும். இவை எளியன எனக் கருதி அகராதி தரும் நேர்ச்சொல்லை மனத்திற்கொண்டு மேற்செல்லுதல் மாணவர் இயல்பு. ஆயினும், எளியன எனத் தோன்றும் இச்சொற்களிலேயே இரு மொழிகளுக்கிடையேயுள்ள வேற்றுமை மிகுதியும் மறைந்து கிடக்கின்றது.

இத்தாலிய மொழியில் பிறப்பையும் தோற்றத்தையும் குறிக்கும் வினை ‘நாஷெரே’ என்பதாகும். இதற்குத் தமிழில் ‘பிற’ என நேர் எழுதுவர். அந்நேர் எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சி இத்தாலியம் பயில்வார்க்கு மட்டுமன்றித் தமிழிலக்கியம் பயில்வார்க்கும் உரியது. என்னை? இத்தாலியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர், தத்துவபோதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலியும் வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கியும், தமிழில் நூல் இயற்றியவர்கள். பிறப்பைப் பற்றித் தமிழில் எழுத நேர்ந்தபோது அவர்கள் எச்சொல்லைக் கொண்டனர், எச்சொல்லை நீக்கினர் என்பது நம் இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியாகும். மேலும், இத்தாலிய நாட்டின் புகழ்பெற்ற காலப்பகுதி ஒன்றிற்குப் பெயராய் அமைந்ததும் இவ்வினையின் வழிவந்த சொல்லே. அதனைத் தமிழர் ‘மறுமலர்ச்சி’ என மொழிபெயர்த்தனர், ‘மறுபிறப்பு’ என்றிலர். இதற்குக் காரணம் உண்டு.

யாம் நிறுவக் கருதுவது இது: ‘பிற’ என்பது வினையாய் நிற்குங்கால் நாஷெரேயோடு பெரிதும் ஒத்துச் செல்லும், ‘பிறப்பு’, ‘பிறவி’ எனப் பெயராய் உயிர்மேல் வருங்கால் அவ்வொப்புமை நீங்கும். இத்தாலியச் சொற்கள் கீழே தமிழெழுத்தில் ஒலிக்கு அணுக்கமாக எழுதப்பெறும்.

2. சொல்வடிவம்

நாஷெரே என்பதன் நிகழ்காலத் தன்மை ஒருமை ‘நாஸ்கோ’. படர்க்கை ஒருமை ‘நாஷே’. ஒரே பகுதியில் ககரம் ஓரிடத்தும் ஷகரம் ஓரிடத்தும் வருதல் தொடக்கத்தில் மாணவரைத் தடுமாறச் செய்யும். அகர ஒகரங்களின் முன் ககரமாக நிற்கும் ஒலி, இகர எகரங்களின் முன் அண்ணத்தைச் சார்ந்து திரிகின்றது என்பதே இதன் விதி. இது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. கன்னடத்துக் ‘கிவி’ தமிழில் ‘செவி’யாக நிற்பதையும், ‘கெய்’ என்பது ‘செய்’ என நிற்பதையும் திராவிட ஒப்பிலக்கணத்துள் அவர் கற்றிருப்பர். முன்னுயிரின் சார்பால் ககரம் சகரமாதல் இரு மொழிக் குடும்பங்களிலும் தனித்தனியே நிகழ்ந்த ஒலிமாற்றம்.

இறந்தகாலத்தில் இரு வடிவங்கள் உள. ‘நாக்குவே’ என்பது முடிந்துபோன காலத்தைக் குறிப்பது. 1265-இல் தாந்தே பிளாரன்சில் பிறந்தார் என்பது போன்ற வரலாற்றுச் செய்திகளில் வருவது. ‘ஸோனோ நாத்தோ’ என்பது உயிரோடுள்ளார் தம் பிறப்பைக் கூறும்போது பெரிதும் வருவது. ‘ஸோனோ’ என்பது ‘இருக்கிறேன்’ எனப் பொருள்படும். ‘நாத்தோ’ என்பது ‘பிறந்த’ என்னும் எச்சப் பொருளது. இரண்டும் சேர்ந்து ‘பிறந்தேன்’ எனப் பொருள்தரும்.

ஆங்கிலத்தின் வழியாக இத்தாலியம் கற்பார் இவ்விடத்து இடர்ப்படுவர். ஆங்கிலத்தில் இக்கருத்து செயப்பாட்டு வினையாலேயே உணர்த்தப்படும். ‘பெறப்பட்டான்’ என்பதற்கு ஒப்பான அமைப்பு அது. அதில் துணைவினை இறந்தகாலத்தில் நிற்பதால், மாணவர் இத்தாலியத்திலும் துணைவினையை இறந்தகாலத்தில் வைத்து ‘ஏரோ நாத்தோ’ என்பர். அதற்கோ ‘பிறந்திருந்தேன்’ என்பதே பொருள். தமிழ்வழிக் கற்பார்க்கு இவ்விடர் இல்லை. ‘பிற’ தானே தன்வினையாய் நிற்பது. எவராலும் பெறப்படுதல் என்னும் கருத்து அதன் வடிவில் இல்லை. நாஷெரேயும் அத்தன்மையதே. மேலும், ‘பிறந்திருக்கிறேன்’ என்னும் நம் சொல், எச்சமும் இருத்தல் வினையும் சேர்ந்து அமைந்த முறையில், ஸோனோ நாத்தோ என்பதற்கு உறுப்புக்கு உறுப்பு ஒத்தது.

வடிவம் ஒத்தலால் வழக்கும் ஒக்கும் எனக் கொள்ளுதல் பிழையாகும். ‘நான் மதுரையில் பிறந்திருக்கிறேன்’ என எவரும் ஊர் சொல்வதில்லை. ‘மனிதனாய்ப் பிறந்திருக்கிறேன், பயனுற வாழவேண்டாவா?’ என்றாற்போலப் பிறப்பின் பயன் இன்றும் தொடர்வதை வலியுறுத்துமிடத்தே அவ்வடிவம் வரும். ஆதலின் அமைப்பைப் ‘பிறந்திருக்கிறேன்’ என்பதால் விளக்கி, பொருளைப் ‘பிறந்தேன்’ என்பதால் கூறுதலே ஆசிரியர்க்கு ஏற்ற நெறி.

இலத்தீன் மூலத்தை நோக்கின் இவ்வமைப்பின் காரணம் விளங்கும். அம்மொழியில் இவ்வினை செயப்பாட்டு வடிவமும் செய்வினைப் பொருளும் கொண்ட ஒரு வகையைச் சேர்ந்தது. அவ்வடிவத்தின் பெரும்பகுதி இத்தாலியத்தில் மறைந்தது. இருத்தல் வினையோடு கூடிய இறந்தகாலம் மட்டும் எஞ்சி நின்றது.

3. பாலும் திணையும்

இருத்தல் வினையோடு கூடி வருங்கால் இத்தாலிய எச்சம் எழுவாயின் பாலையும் எண்ணையும் காட்டும். ஆடவன் ‘ஸோனோ நாத்தோ’ என்பான்; பெண் ‘ஸோனோ நாத்தா’ என்பாள். தன்மையிடத்திலேயே பால் புலப்படுகின்றது. தமிழில் ‘பிறந்தேன்’ என்பது இருபாற்கும் பொது. படர்க்கையில்தான் பிறந்தான், பிறந்தாள் எனப் பால் விளங்கும். எச்சமாகிய ‘பிறந்த’ என்பதோ பால் காட்டுவதேயில்லை. இத்தாலியம் எச்சத்தில் காட்டுவதைத் தமிழ் முற்றில் காட்டுகின்றது எனலாம்.

இதனினும் நுண்ணியது திணை வேறுபாடு. மகப்பேற்றை அறிவிக்கும் இத்தாலியர் ‘எ நாத்தோ’ எனின் ஆண், ‘எ நாத்தா’ எனின் பெண் என்பது வினையாலேயே தெளிவாம். தமிழர் ‘குழந்தை பிறந்தது’ என்பர். வினை அஃறிணை முடிபு பெறும். அதன்பின்னரே ஆணா, பெண்ணா என்னும் வினா எழும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கம், மகவு, குழவி முதலாய சொற்களைப் பொருளால் உயர்திணையைச் சுட்டினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களோடு சேர்த்துக் கூறுவதை இங்கு நினைதல் தகும். பிறந்த பொழுதில் உயிரைப் பால் பகாது நிறுத்தும் வழக்கு இன்றுகாறும் நம் பேச்சில் நிலைபெற்றுள்ளது. இத்தாலியம் கற்கும் தமிழர் ‘குழந்தை பிறந்தது’ என்பதை மொழிபெயர்க்குமுன் குழந்தை ஆணோ பெண்ணோ என அறிந்தாக வேண்டும், அல்லது பொதுவழக்காகிய ஆண்பாலைக் கொள்ளவேண்டும்.

4. வினையின் பொருட்பரப்பு

நாஷெரே உயிர்க்கு மட்டும் உரியதன்று. போ ஆறு மொன்விசோ மலையில் ‘நாஷே’ என்பர்; புல் நாஷே; ஞாயிறும் நாஷே; ஐயமும் நாஷே. தமிழ் இப்பரப்பைப் பல வினைகட்குப் பங்கிட்டு வைத்துள்ளது. புல் முளைக்கும், ஞாயிறு எழும், உதிக்கும், தோன்றும், ஆறு தோன்றும், ஊற்றெடுக்கும். காவிரி குடகில் பிறந்தாள் எனின் ஆற்றைப் பெண்ணாக உருவகித்துக் கூறியதாகுமேயன்றிப் புவியியல் உரைநடை ஆகாது.

எனினும் ‘பிற’ என்பதும் பரந்த ஆட்சியுடையதே. தை பிறக்கும், ஆண்டு பிறக்கும், வழி பிறக்கும், எண்ணம் பிறக்கும், பொருள் பிறக்கும். கதிரவன் பிறந்தான் என்று கூறாத தமிழர், அவன் செலவால் அளக்கப்படும் திங்களும் ஆண்டும் பிறந்தன என்று கூறுதல் காண்க. எல்லாவற்றினும் சிறந்தது இலக்கண வழக்கு. எழுத்துகள் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. உந்தியினின்று எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு ஒலியாதலை விளக்கும் இயலுக்குப் பெயரே பிறப்பியல் என்பது. நன்னூலாரும் எழுத்திலக்கணப் பகுதிகள் பன்னிரண்டனுள் பிறப்பை ஒன்றாக வைத்தார். நிலையான ஒன்று வெளிப்பட்டது என்னாது, முன்னில்லாதது முயற்சியால் உண்டாயிற்று எனக் கொள்ளும் இக்கருத்து நாஷெரேயின் பொதுப்பொருளோடு நன்கு இயையும்.

பிறவினை நிலையிலும் ஒரு வேற்றுமை உண்டு. நாஷெரே தானே பிறவினையாவதில்லை. ‘நாஷெரே செய்வித்தல்’ எனத் துணைவினை வேண்டும். தமிழில் ‘பிறப்பி’ என விகுதி சேர்ந்து நிற்கும். ஆயின் அச்சொல் இந்நாளில் மகப்பேற்றை விட்டு அரசாணையிடம் சென்று சேர்ந்தது. ஆணை பிறப்பித்தல் என்பதே இன்று பெருவழக்கு. தாயின் செயலை ஈனுதல், பெறுதல் என்னும் வேறு வினைகள் உணர்த்தும். இத்தாலியத்தில் அதற்குப் ‘பார்த்தொரீரே’ என்னும் தனிவினை உண்டு.

இவற்றுள் ‘தோன்று’ என்பதைத் தனியே நோக்குதல் வேண்டும். அது பிறத்தற்கும் வெளிப்படுதற்கும் பொதுவாய் நிற்பது. திருக்குறளில் புகழ் அதிகாரத்து 236-ஆம் குறளில் வரும் தோன்றுதலைப் பரிமேலழகர் மக்களாய்ப் பிறத்தல் எனக் கொண்டார். டாக்டர் மு. வரதராசனார் ஒரு துறையில் முற்பட்டு விளங்குதல் எனக் கொண்டார். முதலுரையைக் கொள்ளின், ஏவுவார்க்கும் ஏவப்படுவார்க்கும் இயலாத ஒன்றை ஏவியதாகும் என்னும் தடை எழும். முற்பிறப்பின் வினையை உடன்பட்டாலன்றி அத்தடை நீங்காது. இரண்டாம் உரையைக் கொள்ளின், பிறப்பின் பெருமை விலகி முயற்சியின் பெருமை நிற்கும். இத்தாலியத்தில் இக்குறளை எழுதுவார் நாஷெரே என எழுதிய அளவில் முதலுரையினராவர். வெளிப்படுதலைக் குறிக்கும் வேறு வினையால் எழுதின் இரண்டாம் உரையினராவர். நடுநின்று இரண்டையும் தழுவும் சொல் அங்கு எளிதிற் கிடைப்பதில்லை. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்த வீரமாமுனிவரும் இக்குறளை எதிர்கொண்டே தீர்ந்திருப்பர்.

பிறத்தலையும் கதிரெழுச்சியையும் இணைத்து நோக்கும் இடம் தாந்தேயிடத்தும் உண்டு. அவருடைய பெருங்காப்பியத்தின் மூன்றாம் பகுதியில், 11-ஆம் பிரிவில், அசிசி நகரத்துப் புனித பிரான்சிசின் பிறப்பை உலகிற்கு ஒரு ஞாயிற்றின் பிறப்பாகக் கூறி, அவ்வூரைக் கீழ்த்திசை என்னும் பெயரால் வழங்குதலே தக்கது என்பார். நாஷெரே ஞாயிற்றிற்கும் மகவிற்கும் ஒருங்கே உரியதாதலின் அவர்க்கு இவ்வுருவகம் மொழியிலேயே கிடைத்தது. தமிழ்ப்புலவர் இதனை அமைக்கின் ‘தோன்று’ அல்லது ‘உதி’ என்னும் வினையையே நாடுவர். ‘பிற’ அவர்க்கு உதவாது.

5. பிறந்த ஊரும் சொந்த ஊரும்

தோற்றம் பற்றிய வினவலில் இரு மொழிகளும் பிரியும் இடம் ஒன்றுண்டு. இத்தாலிய ஆவணங்களில் ஒருவர் பெயரை அடுத்து, இன்ன ஊரில் இன்ன நாளில் ‘நாத்தோ’ என வரும். பேச்சில் ‘எவ்வூரினர்?’ என்னும் வினாவிற்கு ‘உரோமையினேன்’ என்றாற்போல இருத்தல் வினையால் விடை கூறுவர். பிறந்த ஊரும் தன் ஊரும் வேறாகலாம் என்பதை அவர்களும் அறிவர்.

தமிழ்நாட்டில் இவ்வேறுபாடு மேலும் விரிந்து கிடக்கின்றது. சென்னையின் தென்பகுதியில், பரங்கிமலைக்கும் மீனம்பாக்கத்திற்கும் அணித்தாய் உள்ள நங்கநல்லூரை எடுத்துக்கொள்வோம். நங்கை நல்லூர் என்பதன் திரிபே இப்பெயர் என்பர். ஆலந்தூர் நகராட்சியில் அடங்கியிருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த இப்பகுதி, பல மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியோர் வாழும் இடம். இங்கு வளர்ந்த ஒருவரை ‘எந்த ஊர்?’ என வினவின், கும்பகோணம் எனவோ திருநெல்வேலி எனவோ விடை வருதல் உண்டு. அது அவர் தந்தைவழிச் சொந்த ஊர், பூர்வீகம். தலைப்பேறு தாய்வீட்டில் நிகழும் வழக்கத்தால் அவர் பிறந்த ஊர் தாய்ப்பாட்டனார் வாழ்ந்த மூன்றாவது ஊராய் இருக்கலாம். வாழும் ஊர், சொந்த ஊர், பிறந்த ஊர் என மூன்றும் ஒருவர்க்கே வேறுவேறாகும். நாஷெரே இவற்றுள் மூன்றாவதை மட்டும் தொடும். ‘எந்த ஊர்?’ என்னும் தமிழ் வினாவை நாஷெரேயால் மொழிபெயர்ப்பின், கேட்ட பொருளை விட்டு வேறொன்றைக் கேட்டதாகும்.

இல்லத்தைக் குறிக்கும் சொல்லிலும் இடர் உண்டு. ‘காசா நாத்தாலே’ என இத்தாலியர் கூறுவது, ஒருவர் பிறந்த கட்டடத்தை. புலவர் பலருடைய பிறந்த மனைகள் அந்நாட்டில் அப்பெயரால் காக்கப்படுகின்றன. தமிழில் ‘பிறந்தகம்’, ‘பிறந்த வீடு’ என்பன மணமான பெண்ணின் தாய்வீட்டைக் குறிக்கும்; ‘புகுந்தகம்’ என்பதற்கு மறுதலையாய் நிற்கும். அவள் அவ்வீட்டின் சுவர்களுக்குள் பிறந்திருக்க வேண்டுவதில்லை. அக்குடியினள் ஆதலே வேண்டுவது. புலவர் ஒருவரின் காசா நாத்தாலேயைப் ‘பிறந்தகம்’ என எழுதின் தமிழர் நகைப்பர்.

வேற்றுமை மட்டுமே காண்டல் ஒருதலைச் சார்பாகும். எதிர்பாராத ஒற்றுமையும் உண்டு. பிறந்தநாளை இத்தாலியர் பிறப்பால் குறியாது ‘கொம்ப்ளெயான்னோ’ என்பர். ஆண்டு நிறைவு என்பதே அதன் சொற்பொருள். நங்கநல்லூர் இல்லங்களில் குழந்தையின் முதலாண்டு முடிவில் நிகழும் சடங்கிற்கும் ‘ஆண்டு நிறைவு’ என்பதே பெயர். அறுபதாண்டு முடிவில் நிகழ்வது ‘சஷ்டியப்த பூர்த்தி’. தொடர்பற்ற இரு மொழி வழக்குகள் பிறந்த நாளை எண்ணாது நிறைந்த ஆண்டை எண்ணியமை வியத்தற்குரியது.

இனி, ஒற்றுமை போலத் தோன்றி ஏமாற்றும் சொல் ஒன்று. ‘கொன்யாத்தோ’ என்பது உடன் என்னும் முன்னொட்டும் பிறந்தவன் என்னும் சொல்லும் சேர்ந்து அமைந்த இலத்தீன் தொடரின் வழிவந்தது. ‘உடன்பிறந்தான்’ என்னும் தமிழோடு அமைப்பால் முற்றும் ஒத்தது. இலத்தீனில் அது குருதியுறவினரைக் குறித்தது. இத்தாலியத்திலோ மணவுறவால் வரும் மைத்துனனைக் குறிக்கின்றது. தமிழில் உடன்பிறப்பு என்பது குருதியுறவில் நிலைபெற்று, அதன்பின் கட்சித் தொண்டர்க்கு மு. கருணாநிதி எழுதிய கடிதங்களில் விளியாகவும் விரிந்தது. சொற்பிறப்பை மட்டும் நம்பிப் பொருள் கொள்வார்க்கு இஃது எச்சரிக்கை.

6. ‘சனித்த’ என்னும் சொல்லாட்சி

வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். 1726-இல் நிறைவுற்ற அவருடைய தேம்பாவணி, சூசையப்பரை வளன் என்னும் பெயரால் தலைவராகக் கொண்ட காப்பியம். அதன் மூன்றாம் படலத்திற்கு ‘வளன் சனித்த படலம்’ என்பது பெயர். ‘பிறந்த’ என்னாது ‘சனித்த’ என்றது ஏன்?

கம்பர் இராமனின் பிறப்பைக் கூறும் பகுதி திருவவதாரப் படலம் எனப்படும். அவதாரம் என்பது இறங்கி வருதல். வளன் இறைவன் அல்லன், மனிதன். ஆதலின் அச்சொல் முனிவரின் சமயக் கொள்கைக்குப் பொருந்தாது. ‘பிறந்த’ என்பதோ யாவர்க்கும் பொதுவாய் நிற்பது. காப்பியத் தலைவனுக்குரிய உயர்வை அது தானே தாராது. ‘சனித்த’ என்பது மனிதப் பிறப்பையும் குறித்து, வடசொல்லாதலின் அக்காலத்துச் செய்யுள் நடைக்குரிய பெருமிதத்தையும் தந்தது. இஃது எம் கருத்து. சமயப் பொருளில் ஒரு வரம்பையும் காப்பிய மரபில் ஒரு தகுதியையும் ஒருங்கே காக்கும் சொல்லை அவர் தேர்ந்தார் என்பது பொருந்துவதே.

இதிற் சுவைமிக்கது ஒன்றுண்டு. சனித்தல் என்பதன் அடியாகிய ‘ஜன்’ என்னும் வடமொழி வேரும், நாஷெரேயின் இலத்தீன் முதனிலையும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரினின்று கிளைத்தவை. பழைய இலத்தீனில் இச்சொல் ககரத்தின் இனவொலி முதலாய் நின்றது. கொன்யாத்தோ என்பதில் அதன் சுவடு இன்றும் உண்டு. தம் தாய்மொழி வினையின் தூரத்து உறவைத்தான் முனிவர் தமிழிற் கையாண்டார். ஆயின் அதனை அவர் அறிந்து செய்தார் எனல் வரலாற்றுக்கு மாறாகும். வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவை வில்லியம் சோன்சு எடுத்துரைத்தது 1786-இல். தேம்பாவணிக்கு 60 ஆண்டு பிற்பட்டு. இதனை நற்செயலாகவே கொள்ளல் வேண்டும். அக்காப்பியத்தில் ஐயம் எழும் பகுதிக்கு ‘ஐயந்தோற்று படலம்’ எனப் பெயர் உள்ளமையும் நோக்குக. இத்தாலியத்தில் ஐயமும் நாஷெரே வினையையே கொள்ளும். தமிழ்க்காப்பியத்தில் அஃது ‘தோன்று’ என்பதன் பிறவினையைக் கொண்டது. தாய்மொழியின் ஒருசொல் ஆட்சியைத் தமிழ்மேல் ஏற்றாது, தமிழின் பாகுபாட்டையே முனிவர் பின்பற்றினார் என்பதற்கு இவ்விரு பெயர்களும் சான்றாம்.

அவ்வேரின் வழிவந்த பிற சொற்களும் கருதற்குரியன. இத்தாலியத்தில் ‘நாத்தூரா’ இயற்கையையும், ‘நாட்ஸியோனே’ நாட்டினத்தையும் குறிக்கும். வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்தவற்றுள் ஒன்று ‘சாதி’. தொல்காப்பிய மரபியலில் நீர்வாழ் உயிர்வகையைக் குறித்து நின்ற அச்சொல், பிற்காலத்தில் மக்களைப் பிறப்பால் பகுக்கும் சொல்லாயிற்று. ஒரு வேர் ஒரு நிலத்தில் ஓரின மக்களை ஒன்றாகச் சேர்க்கும் பெயரையும், மற்றொரு நிலத்தில் அவர்களைப் பிரிக்கும் பெயரையும் தந்தது. தமிழின் சொந்தச் சொற்களோ பிறப்பை அடியாகக் கொள்ளவில்லை. ‘இயற்கை’ இயல்பையும், ‘நாடு’ நிலத்தையும், ‘இனம்’ ஒப்புமையையும் பற்றி எழுந்தன. உயிர்கள் உலகிற்கு வரும் வகையில் வேற்றுமை இல்லை, மேன்மையெல்லாம் செயலால் வருவன என 972-ஆம் குறளில் வள்ளுவர் கூறுமிடத்தும், பிறப்பு என்னும் சொல்லைப் பிரிவினைக்குக் கருவியாகாதபடி மீட்டல் காணலாம்.

7. மறுபிறப்பும் மறுமலர்ச்சியும்

இனிப் பெயர்நிலையை நோக்குவாம். தமிழில் பிறப்பு என்பது உயிர்மேல் தனித்து வருங்கால் இறப்போடு இணைந்த சுழற்சியை நினைப்பிக்கும். பிறவி என்பது அதனினும் சுமை மிக்கது. கடலாகவும் நோயாகவும் உருவகிக்கப்பெற்றது. காரைக்காலம்மையார் இறைவனிடம் வேண்டியவற்றுள் ஒன்று பிறவாமை எனச் சேக்கிழார் கூறுவர். அங்கும் எதிர்மறைத் தொழிற்பெயரே அச்சுமையைத் தாங்கியது. இத்தாலியத்தில் பிறவாதது எனின் கருவில் உள்ள மகவு என்பதே பொதுப்பொருள். ‘நாஷித்தா’ என்னும் அவர்தம் பெயர்ச்சொல் சுமையற்றது. திங்கட் பிறப்பு, எழுத்துப் பிறப்பு என உயிரல்லனவற்றோடும், பிறவிக்கவிஞன் என அடைமொழியாயும் வருமிடத்துத் தமிழிலும் அச்சுமை இல்லை என்பதை உடன்படுகின்றோம். எம் கூற்று உயிர்மேல் தனித்து வரும் பெயருக்கே உரியது.

இவ்வேற்றுமையின் விளைவை முதலில் எதிர்கொண்டவர் தெ நொபிலி. 1606-இல் மதுரைக்கு வந்து, 1656-இல் மயிலாப்பூரில் மறைந்த அவர், மறுபிறவிக் கொள்கையை மறுத்துப் ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்னும் நூலை எழுதினார். ஆயின் அவருடைய சமயத்திலும் ஒரு மறுபிறப்பு உண்டு. யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் மீண்டும் பிறத்தல் பேசப்படுகின்றது. திருமுழுக்கே அப்பிறப்பு என்பர். இத்தாலியத்தில் அதற்கும் ‘ரினாஷெரே’, மீண்டும் நாஷெரே, என்பதே வினை. தாம் மறுத்த கொள்கையின் பெயரையே தாம் நிறுவும் சடங்கிற்கு இட்டால் கேட்போர் மயங்குவர். திருமுழுக்கிற்குத் தமிழ்க் கிறித்தவ வழக்கில் வேரூன்றிய பெயர் ‘ஞானஸ்நானம்’. பிறப்பை விட்டு நீராடலைப் பற்றி எழுந்தது. அம்மயக்கத்திற்கு அஃது இடந்தரவில்லை.

அதே வினையினின்று எழுந்ததே ‘ரினாஷித்தா’ என்னும் பெயர். 1550-இல் வெளிவந்த தம் கலைஞர் வரலாற்றில் வசாரி, கலைகளும் மனித உடலைப் போலப் பிறந்து, வளர்ந்து, மூத்து, இறப்பன என்றும், பண்டு வீழ்ந்துபட்ட கலை தம் நாட்டில் மீளப் பிறந்தது என்றும் கருதினார். அக்காலப்பகுதி பின்னர் ‘ரினாஷிமெந்தோ’ எனப்பட்டது. தமிழில் இதனை மறுபிறப்பு என்றால் வினைப்பயன் பற்றிய எண்ணமே முந்தி நிற்கும். ஆதலின் தமிழ் பிறப்பை விட்டு மலரைப் பற்றிக்கொண்டு ‘மறுமலர்ச்சி’ என்றது. சொல் அழகியது, வழக்கிலும் நிலைத்தது.

ஆயின் திறனாய்வார் ஒன்று கருதவேண்டும். மீளப் பிறத்தற்கு முன் இறத்தல் நிகழ்ந்திருக்க வேண்டும். மீள மலர்தற்குச் செடி இறக்க வேண்டுவதில்லை. வசாரியின் சொல்லில் இடைக்காலத்தைப் பற்றிய கடிய தீர்ப்பு ஒன்று அடங்கியுள்ளது. அத்தீர்ப்பைப் பிற்கால வரலாற்றாசிரியர் பலர் மறுத்துள்ளனர். மறுமலர்ச்சி என்னும் சொல்லால் மட்டும் ஐரோப்பிய வரலாற்றைக் கற்கும் தமிழ் மாணவர்க்கு, அப்படியொரு தீர்ப்பு உண்டென்பதே தோன்றாது. தோன்றாத தீர்ப்பை ஆராய்தல் இயலாது.

நம் இலக்கிய வரலாற்றிற்கோ மறுமலர்ச்சி என்பதே பொருத்தமானது. 1887-இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவ்வாண்டே சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். இவை இறந்த நூல்கள் அல்ல. ஏட்டிலும் மடங்களிலும், உரை மரபிலும், சிலருடைய நினைவிலும் உயிரோடிருந்தவை. பலர் கண்ணுக்குப் படாதிருந்தவை. அவற்றின் மீட்சியை ரினாஷெரே என்பதன் நேர்பொருளில் எழுதினால், அவற்றை இடையறாது காத்த ஏடெழுதுவோரையும் உரையாசிரியரையும் மறந்ததாகும்.

8. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: நாஷெரேயின் வடிவத்தை ஆங்கில வழியினும் தமிழ்வழி விளக்குதல் எளிது, அதன் எச்ச அமைப்பிற்கும் ஒலித்திரிபிற்கும் தமிழில் ஒப்புமை உண்டு. பொருளைக் கூறுமிடத்துப் ‘பிற’ என ஒரு சொல்லோடு நில்லாது, உயிர்க்கும் காலத்திற்கும் ஒலிக்கும் ‘பிற’, ஞாயிற்றிற்கும் ஐயத்திற்கும் ‘தோன்று’, பயிர்க்கு ‘முளை’, மீட்சிக்கு ‘மலர்’ என அகராதியார் பிரித்துக் காட்டுதல் வேண்டும். உடன்பிறந்தான், பிறந்தகம் போன்ற சொற்களில் அமைப்பொற்றுமையால் வரும் மயக்கத்தைக் குறித்தலும் வேண்டும். ரினாஷிமெந்தோவிற்கு மறுமலர்ச்சி என எழுதுமிடத்து, மூலச்சொல் மீளப்பிறத்தலைக் குறிப்பது என ஒரு வரியேனும் சேர்த்தல் கடன்.

மதுரைக்கு வந்த இத்தாலியரும் தேம்பாவணி ஆசிரியரும் தமிழின் இப்பாகுபாட்டை உணர்ந்து நடந்தனர். அவர்தம் மொழியை நாம் கற்குங்கால் அத்துணைக் கருத்தேனும் நமக்கு வேண்டற்பாலது. ஒரு வினையை ஆழக் கற்றல் அயன்மொழியின் இயல்பைக் காட்டுவதோடு, நம் மொழியில் யாம் வினவாது ஏற்றுக்கொண்ட தேர்வுகளையும் காட்டும்.